இருபது ஆம்பியர் ஃபியூஸ்

இன்சாய்
மார்ச் 9

அன்புள்ள ஹிசானோ அக்காவுக்கு,

பிளம் பூக்கள் உதிர்ந்துவிட்டன. தேவதாரு மகரந்தம் கிளம்பிவிட்டது. நூலகத்துக்கு வருகிற எல்லாரும் தும்முகிறார்கள், புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிற நானும் தும்முகிறேன். ஹமமட்சுவில் காற்று எப்படி? போன வருடம் மாதிரி உன் கண் வீங்கவில்லையே?

பெட்டியைப் பிரித்ததும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஆமாம், விளையாட்டுத் துப்பாக்கியில் மறுபடியும் ஃபியூஸ் போய்விட்டது. அக்டோபரில் நீ கியர் மாற்றிக் கொடுத்த பிறகு இது மூன்றாவது தடவை. நான் ஒன்றுமே செய்யவில்லை. போன திங்கட்கிழமை நரிப்பள்ளத் திடலில் ஆட்டம். மூங்கில் புதருக்குள் முக்கால் மணி நேரம் பதுங்கிக் கிடந்து, எதிரணி ஆள் பத்தடியில் வந்து நின்றபோது விசையை அழுத்தினேன். துப்பாக்கி வாயே திறக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிதானமாகச் சுட்டான். பிளாஸ்டிக் குண்டுதான், வலிக்கவில்லை. மானம்தான் போயிற்று.

டோகாஷியை உனக்கு நினைவிருக்கும். எனக்கு இருபது வருடமாக முடி வெட்டுகிறவன். நூலகத்துக்கும் முடிதிருத்தும் கடைக்கும் திங்கள்தான் விடுமுறை என்பதால் ஆட்டத்தில் எனக்கு ஜோடி அவன்தான். "உங்க அக்கா கைராசிக்காரிதான்யா. இந்தத் துப்பாக்கிக்குத்தான் ஏதோ பீடை பிடிச்சிருக்கு" என்கிறான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இருபது ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக முப்பது ஆம்பியர் போட்டுவிடேன். தொல்லை விட்டது.

குளிர் இன்னும் முழுசாகப் போகவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி குனிஹிரோ


ஹமமட்சு
மார்ச் 20

குனிஹிரோவுக்கு,

என் மூக்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் பெட்டியைப் பிரித்ததுமே கருகல் வாசனை அடித்தது.

"நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் போன ஃபியூஸைச் சுற்றி சூயிங்கம் காகிதம் எப்படி வந்தது? அது தானாக நடந்து வந்து சுற்றிக்கொண்டதா? வெள்ளிக் காகிதத்தைச் சுற்றினால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும் என்று எந்தக் கூறுகெட்டவன் உனக்குச் சொன்னான்? நூலகத்தில் வேலை பார்க்கிறாய், ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்க்கக் கூடாதா?

மோட்டார் சைக்கிள் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வயர் கட்டினவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஃபியூஸ் உருகுவதற்காகவே பிறந்தது. அது உருகினால்தான் பாட்டரி தப்பிக்கும். நீ வைத்திருப்பது லித்தியம் பாட்டரி. அதற்குக் கோபம் வந்தால் முதலில் உப்பும், அப்புறம் புகையும், அப்புறம் உன் பை, உன் கார், உன் வீடு. முப்பது ஆம்பியர் போடச் சொல்கிறாய். இருமுகிறவன் வாயில் துணியை அடைத்தால் இருமல் போய்விடுமா?

புது இருபது ஆம்பியர் போட்டிருக்கிறேன். கூட ஐந்து உதிரி வைத்திருக்கிறேன். கியர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவசியமும் இல்லை, மேசையில் பழுது பார்க்க வந்த இன்னும் ஒன்பது பேருடைய துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. உன் கை சும்மா இருந்தால் ஃபியூஸும் சும்மா இருக்கும். ஆட்டத்துக்கு நடுவில் சாப்பிடப் போகும்போது பாட்டரியைக் கழற்றி வை. இதை நான் ஏழாவது தடவையாகச் சொல்கிறேன்.

தும்மலுக்கு மருந்து சாப்பிடு.

அக்கா


இன்சாய்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே செர்ரிப் பூக்கள் மழையில் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டன. பூ பார்க்கப் போனோமா என்று கேட்காதே, குடைதான் பார்த்தோம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ கொடுத்த உதிரியில் இரண்டு போய்விட்டது, ஒரே திங்கட்கிழமையில். சத்தியமாகக் காகிதம் சுற்றவில்லை. மிச்சமிருந்த மூன்றையும் மே மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டோகாஷி பாவம், கடைசி ஆட்டத்துக்குத் தன் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான்.

அன்று என் துப்பாக்கி படுப்பதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. புதுசாக வந்த ஒருவன் முதுகில் நான் சுட்ட குண்டு பட்டென்று பட்டது. சத்தம் எனக்கே கேட்டது. அவன் கையைத் தூக்காமல் ஓடிக்கொண்டே இருந்தான். எங்கள் ஆட்டத்தின் சட்டம் உனக்குத் தெரியும், குண்டு பட்டவன் தானே "பட்டிருச்சு" என்று கத்திக் கையைத் தூக்கி வெளியே வர வேண்டும். நடுவர் கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்துக் கத்தப் போனேன். டோகாஷி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"விடுப்பா. அவனே சொல்லட்டும்."

"அவன் சொல்ல மாட்டான்யா! ஓடறான் பாரு!"

"சொல்லலைன்னா அவன் பாடு. அடுத்தவன் கையை நாம தூக்கிவிட முடியுமா?"

என் பை வாரில் குண்டு உரசினால்கூடக் கையைத் தூக்குகிறவன் நான். இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. போகட்டும், துப்பாக்கியை மறுபடி அனுப்பட்டுமா? மே மாதம் பெரிய ஆட்டம் இருக்கிறது.

தம்பி குனிஹிரோ


ஹமமட்சு
ஏப்ரல் 28

குனிஹிரோவுக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. மழை வந்தால் எனக்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

அனுப்பாதே. மே விடுமுறை வாரத்துக்கு முன்னால் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் துப்பாக்கி சரியாக வேண்டுமாம், மேசையில் இப்போது பதினான்கு கிடக்கிறது. உன் வியாதி எனக்குப் பார்க்காமலே தெரியும். விசையை அழுத்தினால் விடுகிறதே இல்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்த மாதிரி சுட்டுக்கொண்டே இருக்கிறாய். மோட்டார் திணறுகிறது, ஃபியூஸ் போகிறது. இரண்டிரண்டு குண்டாகச் சுடு. மீதி மூன்று ஃபியூஸ் இருக்கிறதல்லவா, அது போதும்.

அதுவும் போய்விட்டால் ஆடாதே. ஒரு மாதம் ஆடாவிட்டால் உலகம் அழிந்துவிடாது. வேறு எதையும் செய்யாதே. "வேறு எதையும்" என்பதை மூன்று தடவை படி.

டோகாஷிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா


இன்சாய்
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் சீக்கிரமே வந்துவிடும் போலிருக்கிறது. நீ நலமா? இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

பெட்டியில் இருக்கிற கருகின துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே கடைசித் திங்களில் அந்தப் பெரிய ஆட்டம். மதியம் எல்லாரும் திடலில் கொடுக்கிற கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துப்பாக்கி வைக்கிற கூடாரத்தில் என் துப்பாக்கி இருந்த பையும், பக்கத்திலேயே டோகாஷி தன் பாட்டரியைப் போட்டு வைத்திருந்த சார்ஜரும் ஒரே மேசையில் இருந்தன. திடீரென்று புகை. யாரோ கத்தினார்கள். நாங்கள் தட்டோடு எழுந்து நிற்பதற்குள் டோகாஷி ஓடி, எரிகிற பையை வெறுங்கையால் தூக்கி மணலில் எறிந்துவிட்டான். கூடாரத்தின் ஒரு பக்கம் போனதோடு தீ நின்றது. அவன் இல்லாவிட்டால் மேசையில் இருந்த பதினேழு பாட்டரியும் வெடித்திருக்கும். அவன் வலது உள்ளங்கையும் மூன்று விரலும் வெந்துவிட்டன.

திடல்காரர் ஓவாடா வந்து பார்த்தார். சார்ஜர் உருகிக் கிடந்தது. டோகாஷி தன் பாட்டரியைத் தீப்பிடிக்காத உறையில்தான் வைத்திருந்தான், ஆனால் உறையின் வாயை மூடவில்லை. அது திடலின் சட்டத்துக்கு விரோதம். சார்ஜரிலிருந்துதான் தீ என்று முடிவு செய்து, இனிமேல் டோகாஷி திடலுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பதினைந்து வருடமாக வருகிறவனை. டோகாஷி, "உறையை மூடாதது என் தப்புதான்" என்று மட்டும் சொன்னான்.

என் துப்பாக்கியைப் பழுது பார்த்தவரிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும் என்று ஓவாடா கேட்கிறார், அதற்குத்தான் இதை அனுப்பியிருக்கிறேன். துப்பாக்கியில் பழுது எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெறும் சம்பிரதாயம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி குனிஹிரோ


ஹமமட்சு
ஜூன் 11

குனிஹிரோ,

மழை, உடம்பு எல்லாம் அப்புறம்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஃபியூஸ் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. மார்ச்சிலிருந்து நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் ஃபியூஸ் ஃபியூஸ் என்று உயிரை வாங்கினவன், துப்பாக்கி எரிந்த பிறகு அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தேன்.

பாட்டரி இருக்கிற பின்கட்டையைத் திறந்தேன். ஃபியூஸ் இருந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்திருக்கிறாய். புளியங்கொட்டை அளவுக்கு ஈயம். இந்த லட்சணத்தில் பற்றவைக்க உன்னைத் தவிர யாராலும் முடியாது. பாட்டரி இருந்த பக்கம்தான் உள்ளேயிருந்து வெளியே எரிந்திருக்கிறது. சார்ஜர் பக்கம் இருந்த முனை வெளியேதான் கருகியிருக்கிறது. தீ உன் பையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது, சார்ஜர் அதில் மாட்டிக்கொண்டது. பாட்டரியைக் கழற்றாமல்தானே கறிச்சோறு சாப்பிடப் போனாய்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அதற்கு என்னைச் சோறு போடச் சொல்கிறாய். கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த மனுஷன் முடி வெட்டிப் பிழைக்கிறவன்டா. அவன் வலது கை!

போய்ச் சொல். முதலில் டோகாஷியிடம், அப்புறம் ஓவாடாவிடம். நானே ஓவாடாவுக்கு எழுதலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

அக்கா


இன்சாய்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடவே இல்லை. நூலகத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

நீ சொல்வது சரி. பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் வீட்டில் சுட்டுப் பார்த்தபோது கடைசி ஃபியூஸும் போய்விட்டது. ஒரே ஒரு நாளுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஒரு முலாம்பழம் வாங்கிக்கொண்டு டோகாஷி வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், நம்பு. கையில் பெரிய கட்டோடு வாசலுக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"வாப்பா. உன் துப்பாக்கி போச்சே. பத்து வருஷமா வச்சிருந்தியே."

"துப்பாக்கி கிடக்குது. உன் கை?"

"தோல் வந்திரும்ங்கிறார் டாக்டர். விரல் மடங்கத்தான் நாளாகுமாம். மினெகோ கடையைப் பாத்துக்கறா. அவ வெட்டினா காதுகிட்ட ஏத்தம் இறக்கமா இருக்குன்னு கிழவங்கல்லாம் சண்டைக்கு வர்றாங்க."

சிரித்தான். அவன் மனைவி மினெகோ முலாம்பழத்தை வெட்டிக் கொண்டுவந்தாள். அவனுக்கு இடது கையால் முள்கரண்டி பிடிக்க வரவில்லை. பழம் தட்டில் வழுக்கிக்கொண்டே போனது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நூலகத்தில் வேலை என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

முடி வளர்ந்து காதை மூடுகிறது. வேறு கடைக்குப் போகவும் மனசில்லை, அங்கே போய் உட்காரவும் முகமில்லை.

தம்பி குனிஹிரோ


ஹமமட்சு
ஜூலை 16

குனிஹிரோ,

முலாம்பழமா! கையை வேகவைத்துவிட்டு முலாம்பழம் கொடுத்தாயா? அதையும் அவன் கையால் சாப்பிட முடியாமல் நீ உட்கார்ந்து பார்த்தாயா? உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வசவு எல்லாம் தீர்ந்துவிட்டது.

பை வாரில் உரசினால்கூடக் கையைத் தூக்குகிறவன் என்று ஏப்ரலில் பீற்றிக்கொண்டாயே. ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைக்கு மட்டும்தான் உன் நேர்மையா? முதுகில் பட்டும் ஓடினானே, அந்தப் புதுப்பயல், அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவன் ஒரு ஆட்டம் ஓடினான். நீ ஒன்றரை மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறாய்.

ஆகஸ்டில் ஓபோன், முன்னோர் திருநாளுக்கு, அப்பா அம்மா கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றப் போவாய் அல்லவா? அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இது என் கெடு. சொல்லாமல் கல்லறை முன்னால் போய் நிற்காதே.

துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று கியர் பெட்டியையும் திறந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு போ.

அக்கா


இன்சாய்
ஆகஸ்ட் 9
(அஞ்சலட்டை, தர்பூசணிப் படம்)

அக்கா, வெயில் கொடுமையாக இருக்கிறது. நலமா? குளிர்ந்த நூடுல்ஸைத் தவிர எதுவும் இறங்கவில்லை. போன வாரம் டோகாஷி கடைவரை போனேன். கண்ணாடிக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான், கட்டு அவிழ்த்துவிட்டார்கள். ஒரு பந்தை அமுக்கி அமுக்கி விரலை மடக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டேன். திட்டாதே. கியர் பெட்டியில் என்ன பார்த்தாய்?

குனிஹிரோ


ஹமமட்சு
ஆகஸ்ட் 21
(அஞ்சலட்டை, படம் எதுவும் இல்லை)

ஓபோன் முடிந்துவிட்டது. சொன்னாயா? இல்லை என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் இந்நேரம் அட்டை வந்திருக்கும். கியர் பெட்டியைப் பற்றி நீ கேட்க வேண்டாம், உன் வேலையை முதலில் பார். வெயிலில் அலையாதே.

அக்கா


இன்சாய்
செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இரவும் பகலும் சமமாகிற நாள் வந்து வெயில் தணிந்துவிட்டது. வயல் வரப்பெல்லாம் சிவப்பு லில்லி பூத்திருக்கிறது. நீ நலமாக இருக்கிறாயா? கடைசி அட்டையில் உன் கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது, அதனால் கேட்கிறேன்.

சொல்லிவிட்டேன்.

போன வியாழன் சாயங்காலம் கடைக்குப் போனேன். கூட்டமில்லை. டோகாஷி என் தலையைப் பார்த்து, "என்னப்பா, துறவி ஆகப் போறியா?" என்றான். நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினான். கத்தரியைப் பிடிக்கிறான், பழைய வேகம் இல்லை. நாலு வெட்டு வெட்டிவிட்டு விரலை உதறிக்கொள்கிறான். கண்ணாடியில் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படியோ வாய் திறந்துவிட்டது. ஃபியூஸை எடுத்தது, பற்றவைத்தது, பாட்டரியைக் கழற்றாதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்தரிச் சத்தம் நிற்கவே இல்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"பையைத் தூக்கும்போதே பாத்தேன். பை எரிஞ்சு பிளந்திருந்துச்சு, உள்ளே பின்கட்டை திறந்து கிடந்துச்சு. ஃபியூஸ் இல்லை, வெறும் வயர். உள்ளேயிருந்துதான் எரிஞ்சுது."

"அப்புறம் ஏன்யா ஓவாடாகிட்ட சொல்லலை? ஏன் அவ்வளவு பேர் முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே?"

"குண்டு பட்டவன்தான் கையைத் தூக்கணும். உன் கையை நான் எப்படித் தூக்கறது?"

"இது விளையாட்டு இல்லையேப்பா!"

"இல்லைதான். எனக்கும் அது தெரிஞ்சுது, கொஞ்சம் லேட்டா." பின்னங்கழுத்தில் இருந்த முடியைத் தட்டிவிட்டான். "முதல்ல ரெண்டு நாள்ல வந்துருவேன்னு நினைச்சேன். அப்புறம் முலாம்பழத்தோட வந்தே. இப்ப சொல்லிருவான், இப்ப சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சுப் போயிட்டே. நாலு மாசம்யா. கடைக் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நீதான்னு திரும்பிப் பாத்தேன்."

மன்னிப்புக் கேட்டேன், எத்தனை தடவை என்று தெரியாது. என் முகத்தைச் சவரம் செய்ய வேண்டிய நேரம் வந்ததும் அவன் உள்ளே குரல் கொடுத்தான். மினெகோ வந்து சவரக்கத்தியை எடுத்துக்கொண்டாள். "கத்தி பிடிக்க இன்னும் கை நிக்க மாட்டேங்குது" என்றான். மினெகோ என் முகத்தைப் பார்க்காமலே சவரம் செய்தாள்.

முடிந்ததும் வழக்கம்போலப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினான். நன்றாகத்தான் வெட்டியிருந்தான். வாசல்வரை வந்து குனிந்து வணக்கம் சொன்னான். அப்புறம் சொன்னான்:

"இனிமே வேற கடை பாத்துக்கப்பா."

மறுநாள் ஓவாடாவிடம் போனேன். டோகாஷி எப்போது வேண்டுமானாலும் திடலுக்கு வரலாம், நான் இனி வரக்கூடாது. ஓவாடா தானே கடைக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டாராம். டோகாஷி இதுவரை திடலுக்குப் போகவில்லை.

நீ சொன்னதை எல்லாம் முன்பே கேட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. தீக்கு நான் ஒருவன்தான் காரணம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, என் அக்கா கை பட்ட வயரில் தப்பே வராது என்றும் சொன்னேன்.

தம்பி குனிஹிரோ


ஹமமட்சு
அக்டோபர் 6

குனிஹிரோவுக்கு,

தெருவெல்லாம் கின்மொகுசேய் பூ மணக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் எழுதப் பத்து நாள் ஆனதற்குக் காரணம் உடம்பு இல்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம், அல்லது நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜூலையில் கியர் பெட்டியைத் திறந்தேன் என்றேனே. பெட்டியின் பின்வாயில், பாட்டரியிலிருந்து வருகிற இரண்டு வயரும் மூடியின் விளிம்பில் நசுங்கிக் கிடந்தன. நசுங்கின இடத்தில் மேலுறை கிழிந்து, செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டு உருகியிருந்தது. தீ ஆரம்பித்த இடம் அதுதான். அந்த மூடியைக் கடைசியாக மூடினவள் நான். போன அக்டோபரில் கியர் மாற்றிய அன்று அவசரம். வயரை ஒதுக்கி வைக்காமல் திருகாணியைப் போட்டு இறுக்கிவிட்டேன். ஆலையில் புதுசாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்ததே அதுதான், மூடுவதற்கு முன்னால் வயர் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார் என்று.

நீ ஓடும்போது துப்பாக்கி குலுங்கும், இரண்டு செம்பும் தொடும், ஃபியூஸ் போகும். நீ விசையை அழுத்தினதால் இல்லை. சூயிங்கம் காகிதத்தால் இல்லை. திரும்பத் திரும்ப அந்த ஃபியூஸ் உள்ளே ஏதோ சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் உன்னைத் திட்டினேன். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் கால்மணி நேர வேலை. திறக்க அவசியமில்லை என்று எழுதியிருக்கிறேன் பார், மார்ச் கடிதத்தில். நீ அதை வைத்திருப்பாய். நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

உன்னை நான் சும்மா விட்டுவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஃபியூஸை வெட்டி எறிந்திருக்காவிட்டால் தீயே இல்லை. ஆனால் நான் வயரை நசுக்கியிருக்காவிட்டால் ஃபியூஸை வெட்ட உனக்குக் காரணமே வந்திருக்காது. இரண்டும் உண்மை. நீ உன் பாதியைச் சொல்லிவிட்டாய், என் பாதியையும் சேர்த்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாய்.

நானே ஓவாடாவுக்கு எழுதலாம், உன் வாயால் வரட்டும் என்றேனே. ஜூனில் அதை மனசாரத்தான் எழுதினேன். ஜூலைக்கு அப்புறம் அது வசதியாகப் போயிற்று. எழுதினால் இந்த வயரையும் எழுத வேண்டி வரும். உனக்கு ஓபோன் கெடு வைத்துவிட்டு நான் இங்கே மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் யோக்கியதை இதுதான். துப்பாக்கியைப் பதினெட்டு தடவை திறந்து திறந்து பார்த்தேன், நசுக்கினது வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்று.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் வண்டியில் வருகிறேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டோகாஷி கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன். அங்கிருந்து ஓவாடாவிடம். நீ கூட வர வேண்டாம், உன்னைப் பார்த்தால் நான் மறுபடி உன்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன்.

பத்து நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தம்பியிடம் பாடம் கேட்கிறேன். "எப்படியோ வாய் திறந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். எப்படியோ என்றால் எப்படிடா? அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் வார்த்தையாக நீ என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது. திங்களுக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும், விரைவுத் தபாலில் போடு.

அக்கா